மக்குத் தொட்டியில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்கும் மக்குத் தொட்டியில் ஏதோ சரியில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது அதன் மேல் தூவ ஒரு பொடி, இல்லையென்றால் தெளிக்க ஒரு திரவம். அதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நாற்றம், பூச்சி, மக்காமல் கிடப்பது என்று புகார் எதுவானாலும் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஈரம் கூடியோ குறைந்தோ இருக்கும். உள்ளே காற்று போகாமல் இருக்கும். அல்லது ஈரக் கழிவுக்கும் காய்ந்த பொருளுக்கும் உள்ள அளவு பிசகியிருக்கும். இவற்றைச் சரிசெய்யக் கொஞ்சம் உடல் வேலையும் ஒரு மூட்டை காய்ந்த சருகும் போதும். சருகு கையில் இல்லாமல் தொட்டியைத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி. சமையலறைக் கழிவு தினமும் தானாக வரும், சருகு அப்படி வராது.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும்

தொட்டியின் நடு ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். மேற்பரப்பிலிருந்து எடுத்தால் சோதனை பொய் சொல்லும். மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருக்கும் தொட்டிகள்தான் அதிகம். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வந்து, கையைத் திறந்தபோது உருண்டை உடையாமல் நின்றால் ஈரம் சரி. அதாவது ஈரப்பதம் சுமார் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறது. தண்ணீர் ஒழுகினால் ஈரம் கூடுதல். பிடியே நிற்காமல் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. அப்புறம் அந்தப் பிடியை முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் கவலையே இல்லை. கடைசியாக ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். உள்ளே சூடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அளவு விஷயமும் இங்கேயே. மக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்குக் கார்பனும் நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் ஏறக்குறைய 15 முதல் 20 வரை. சருகில் மரத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை. அட்டையிலும் மரத்தூளிலும் 300-ஐத் தாண்டும். இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் உரம் செய்வதில்லை, தேவையும் இல்லை. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் அல்ல, கொள்ளளவில். மரத்தூளாக இருந்தால் இதைவிட நிறையக் குறைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டு மூன்று நான்கு நாள் பொறுங்கள். கிளறி, நீரூற்றி, மரத்தூளும் போட்டு, மூடியையும் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.

அழுகிய முட்டை நாற்றம், சாக்கடை நாற்றம்

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டு இனி இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். அவசரப்படாதீர்கள், இதிலிருந்து மீட்க முடியாத தொட்டி கிடையாது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். குவியலுக்குள் அது 5 சதவீதத்துக்குக் கீழே போனால் காற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அடங்கி, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளியிடும் வாயுக்களில் ஒன்றான ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் குறையக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கழிவுத் துண்டுகளுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய சந்துகளில் நீர் நிரம்பிவிடுகிறது. காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கும் மேல் நீர்தான். அது சிதையச் சிதைய அந்த நீர் வெளியே வந்து அடியில் தேங்கும்.

முதலில் அடித்துளைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடுத்து எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் கொட்டிக் கட்டிகளை உடையுங்கள். கட்டிக்குள் கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். நாற்றத்தின் ஊற்று அதுதான். சருகையும் கிழித்த அட்டையையும் தாராளமாகக் கலந்து, பிழிந்து பார்த்து, ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். திரும்ப நிரப்பும்போது அடியில் ஒரு சாண் உயரத்துக்கு விரல் பருமன் குச்சிகளைப் போட்டால் கீழிருந்து காற்று ஏறும், நீரும் வடியும். நிரப்பிய பிறகு இடம் வேண்டும் என்று அமுக்காதீர்கள். இடம் தானாகவே வரும், மக்கி முடிவதற்குள் குவியல் பாதியாக இறங்கிவிடும்.

கொட்டிக் கிளறும்போது நாற்றம் இன்னும் கூடும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். அண்டை வீட்டார் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு தூவினால் நாற்றம் போகும் என்று சொல்வார்கள். அதைப் போட்டால் காரத்தன்மை ஏறி, கழிவிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஒரு நாற்றம் போய் இன்னொரு நெடி வரும், உரத்தின் சத்தும் குறையும்.

புளித்த வாடை மட்டும் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். பழக்கழிவு நிறையப் போட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் கரிம அமிலங்கள் உருவாவது இயல்பு. சருகு சேர்த்து ஒரு முறை கிளறினால் மறைந்துவிடும்.

மூக்கை எரிக்கும் நெடி

இது அம்மோனியா. ஈரச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் கண்ணையும் மூக்கையும் எரித்தால் நைட்ரஜன் கூடிவிட்டது என்று பொருள். புதிதாக வெட்டிய புல், கோழி எச்சம், காப்பிச் சக்கை, இவற்றில் ஒன்றை மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள். செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்துதான் அந்த நெடியாகக் காற்றில் போகிறது, ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். கார்பன் நிறைந்த பொருள் வேண்டும். மரத்தூள் இந்த ஒரு வேலைக்கு மிகவும் நல்லது. இரண்டு மூன்று பிடி தூவிக் கலந்தாலே வித்தியாசம் தெரியும். ரசாயனம் ஏற்றிய பலகையின் தூளாக இருக்கக் கூடாது. விறகுச் சாம்பலும் சுண்ணாம்பு போலவே காரமானது என்பதால் அதையும் இப்போது போடாதீர்கள்.

வெட்டிய புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கனமாகப் போட்டால் பாய் விரித்தது மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை முழுக்க மறித்துவிடும். வெயிலில் ஒரு நாள் வாட்டி, மெல்லியதாகத் தூவி, உடனே சருகோடு கலந்துவிடுங்கள்.

சூடே ஏறவில்லை

உங்கள் தொட்டி எவ்வளவு பெரியது? ஒரு டிரம் அல்லது ஒரு பெரிய பூந்தொட்டி அளவு என்றால், சூடு ஏறாதது கோளாறே அல்ல. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வெப்பம் உள்ளேயே தங்க வேண்டுமானால் குவியல் ஏறக்குறைய ஒரு கன மீட்டர், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் சுமார் மூன்று அடி இருக்க வேண்டும். சிறிய தொட்டியில் உண்டாகும் வெப்பம் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. சூடில்லாமலும் மக்கும், நேரம்தான் கூடும். தட்பவெப்பத்தைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம்.

ஆனால் சூடில்லாத தொட்டி களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் கொல்லாது. அதற்குக் குவியலின் எல்லாப் பகுதியும் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நிற்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது நடக்கும் என்று நம்பி, விதை முற்றிய களையையும் வாடல் நோய் வந்த தக்காளிச் செடியையும் உள்ளே போடாதீர்கள்.

பெரிய குவியலே சூடாகவில்லை என்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள், அடுத்து பச்சைக் கழிவு போதுமா என்று பாருங்கள். வெறும் சருகுக் குவியல் எத்தனை பெரிதானாலும் சும்மா கிடக்கும். முதலில் சூடாகிப் பிறகு குளிர்ந்தது என்றால் ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப்போடுங்கள். மறுபடி சூடேறினால் இன்னும் உணவு மிச்சமிருக்கிறது. இரண்டு மூன்று முறை புரட்டியும் ஏறவில்லை, ஈரமும் சரி என்றால் சூடேறும் கட்டம் முடிந்துவிட்டது. எதிர்த்திசையிலும் கோளாறு உண்டு. 65 டிகிரிக்கு மேல் போனால் வேலை செய்யும் உயிர்களே சாக ஆரம்பிக்கும். கையை வைக்க முடியாத சூடு தெரிந்தால் புரட்டி ஆற விடுங்கள்.

மாதக்கணக்காக அப்படியே கிடக்கிறது, எறும்பும் வந்துவிட்டது

எறும்பு வந்தாலே தொட்டி காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரமான, அடிக்கடி கிளறப்படும் இடத்தில் அவை கூடு கட்டாது. மேலிருந்து ஒரு வாளி தண்ணீரைக் கொட்டுவது பயன்படாது. காய்ந்த சருகின் மேல் வழுக்கி ஓரமாக இறங்கி அடிவழியே வெளியேறிவிடும். கொட்டி, அடுக்கடுக்காக நனைத்து, கலந்து நிரப்புங்கள். அட்டையையும் காகிதத்தையும் முன்னதாக ஊறவைத்துப் போட்டால் தொட்டியின் ஈரத்தை அவை உறிஞ்சாது.

ஈரம் சரியாக இருந்தும் மக்கவில்லை என்றால் துண்டுகளின் அளவு காரணமாக இருக்கலாம். நுண்ணுயிரி மேற்பரப்பிலிருந்துதான் வேலையைத் தொடங்கும். ஆகவே இரண்டிலிருந்து ஐந்து செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மிக்ஸியில் அரைத்துக் கூழாக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது வேகம் தராது, காற்றை அடைத்து முதல் புகாருக்கே கொண்டுபோய் விடும்.

சில பொருட்கள் சீக்கிரம் மக்காது, அதற்குத் தொட்டியைக் குறை சொல்ல முடியாது. முட்டை ஓடு வருடக்கணக்கில் துண்டாகவே தெரியும். நன்றாகக் காயவைத்துத் தூளாக்கிப் போடுங்கள். பழக்கொட்டை, தடித்த தண்டு, நார் இவையும் அப்படித்தான். பழத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், அட்டைப்பெட்டியின் டேப், வழவழப்புப் பூசிய காகிதம் இவை மக்கவே மக்காது. ‘மக்கும் பை’ என்று அச்சிட்டு வருபவற்றில் பல, தொழிற்கூடங்களில் நெடுநாள் நீடிக்கும் உயர் வெப்பத்தில்தான் சிதையும். வீட்டுத் தொட்டியில் அவை பையாகவே திரும்பிவரும்.

ஈ, கொசு மாதிரி பறப்பவை, புழுக்கள்

மூடியைத் திறந்ததும் முகத்தில் மொய்க்கும் சின்ன ஈக்கள் பழ ஈக்கள். கழிவு வெளியே தெரிவதால்தான் வருகின்றன. ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் கிளறி உள்ளே தள்ளி, மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகோ பழைய மக்கோ போட்டு மூடுங்கள். தோல் கூடத் தெரியக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் கூட்டம் குறையும்.

புழுவைக் கண்டதும் பதறுவதற்கு முன் எந்தப் புழு என்று பாருங்கள், ஏனென்றால் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. தட்டையாக, பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், வளையம் வளையமாக, தடித்த தோலோடு இரண்டு செ.மீ. வரை நீண்டிருந்தால் அது பி.எஸ்.எஃப். என்று சொல்லப்படும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. நம் ஆள்தான். ஈரக் கழிவை மளமளவென்று தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டின் மேல் வந்து உட்கார்ந்து தொல்லை தருவதும் கிடையாது. பார்க்க அருவருப்பாக இருந்தால் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறையுங்கள், அவை தாமாகவே குறையும். வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு முனை கூராக இருப்பது வீட்டு ஈயின் புழு. இறைச்சி, மீன், பால் பொருள் அல்லது ஊறிக் கெட்ட கழிவு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்து ஆழமாகப் புதைத்துவிட்டு மீதியைச் சருகோடு கலந்து காற்றாட விடுங்கள். குண்டாக, வெள்ளையாக, பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடப்பது வண்டின் புழு. தொட்டிக்குள் இருக்கும்வரை அது மக்குவதைத் தின்கிறது, தொல்லை இல்லை. ஆனால் மக்கோடு சேர்ந்து பூந்தொட்டிக்குப் போனால் சில வகைகள் வேரைக் கடித்துவிடும். சலிக்கும்போது பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

மண்புழு, மரவட்டை, பூரான் வந்திருந்தால் அவற்றின் பாட்டுக்கு இருக்கட்டும். பூரானிடம் மட்டும் கையுறை இல்லாமல் போகாதீர்கள். எந்தப் புழுவுக்காகவும் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். உரம் செய்கிற உயிர்களும் சேர்ந்து போய்விடும்.

எலி

சமைத்த மிச்சம், எண்ணெய், இறைச்சி, ரொட்டி இவற்றை நிறுத்துங்கள். சமைத்ததில் உள்ள உப்பு பின்னால் செடிக்கும் ஆகாது. தொட்டியின் அடி உட்பட எல்லாப் பக்கமும் ஆறு மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் குஞ்சு எலியும் நுழையாது. வாரம் ஒருமுறை கிளறினால் கூடு கட்டும் எண்ணமும் அதற்கு வராது. எலி வந்து போன தொட்டியைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும்.

வெள்ளைப் பூஞ்சை, காளான்

நல்லது. கடினமான நாரையும் மரப்பொருளையும் உடைப்பவை அவைதான். சாம்பல் தூவியது போலத் தெரிவது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா இனம். மண் வாசனைக்கும் அதுவே காரணம். ஒரே ஒரு எச்சரிக்கை: பூஞ்சை பூத்த காய்ந்த குவியலைக் கிளறினால் வித்துகள் தூசியாகக் கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டு, கொஞ்சம் நீர் தெளித்துவிட்டுக் கிளறட்டும்.

அடியில் கறுப்பு நீர் வடிகிறது

ஈரம் கூடுதல், வேறொன்றும் இல்லை. இந்த நீரை அற்புத உரமாக நினைத்துச் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. பாதி மக்கிய கழிவின் சாறு அது, கிருமியும் அமிலமும் இருக்கலாம். கீரை, காய்களின் மேல் தெளிக்க வேண்டாம். காய்ந்த தொட்டி இருந்தால் அதன் மேலேயே திரும்ப ஊற்றிவிடுவது உத்தமம்.

முடிந்துவிட்டதா இல்லையா, தெரியவில்லை

கறுப்பாகிவிட்டதாலேயே முடிந்தது என்று ஆகாது. கடைசியாகப் போட்ட கழிவு எது என்று அடையாளம் தெரியாமல் போன பிறகும் குறைந்தது நான்கு வாரம் சும்மா ஆறவிட வேண்டும். இதற்காகவே இரண்டு தொட்டி வைத்துக்கொள்வது வசதி. ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஒரே தொட்டியில் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் அது என்றைக்கும் முடியாது.

சந்தேகம் தீர இரண்டு சோதனைகள். ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். மண் வாசனை மாறாமல் இருந்தால் முடிந்தது. புளிப்போ நாற்றமோ வந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. இரண்டாவது, முள்ளங்கி மாதிரி சீக்கிரம் முளைக்கும் விதைகளை மக்கில் கொஞ்சமும் சாதாரண மண்ணில் கொஞ்சமும் போட்டுப் பாருங்கள். மக்கில் முளைப்பு தெளிவாகக் குறைந்தால் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். முடிந்ததை ஒரு செ.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்து, தங்கியதை அடுத்த தொட்டியில் போடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகளே புதுத் தொட்டிக்குப் போதுமான தொடக்கம், விலை கொடுத்து வாங்கும் கலவை தேவையில்லை.

உரம் போட்ட பிறகு செடி மோசமாகிறது

அடி இலைகள் ஒட்டுமொத்தமாக வெளிறி மஞ்சளானால், பெரும்பாலும் மக்கு முற்றவில்லை. மீதமிருக்கும் கார்பனை உடைக்க நுண்ணுயிரிகள் மண்ணின் நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன, செடிக்குக் கிடைப்பதில்லை. மண்ணோடு கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். இலை நுனி கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். நன்றாக நீர்விட்டு வடியவைத்து, அடுத்த முறை மக்கின் அளவைக் குறையுங்கள். தொட்டிச் செடிக்கு மொத்தக் கலவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மக்கு போதும். வெறும் மக்கிலேயே நடுவது செடிக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அது சுருங்கிச் சுருங்கி வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

தக்காளி, அவரை இனங்களின் புதுத் தளிர் கிண்ணம் போலக் குழிந்து, முறுக்கி, பெரணி இலை மாதிரி ஒடுங்கி வந்தால் கதை வேறு. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகளின் எச்சம் இப்படித்தான் காட்டும். அவை அடிக்கப்பட்ட புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அந்த வைக்கோலிலும் அழியாமல் தங்கி, மக்கிய பிறகும் நீடிக்கும். 2008-இல் பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலருடைய காய்கறிச் செடிகள் சாணம் போட்ட இடத்தில் இப்படிச் சுருண்டபோதுதான் இது பரவலாகப் பேசப்பட்டது. வெளியிலிருந்து சாணமோ வைக்கோலோ வாங்கிப் போட்டிருந்தால் பயன்படுத்தும் முன் சோதித்துவிடுங்கள். சில சிறு தொட்டிகளில் மக்கும் மண்ணும் கலந்தும், சிலவற்றில் வெறும் மண்ணிலும் பீன்ஸ் விதை ஊன்றி, மூன்று நான்கு இலை விடும்வரை பாருங்கள். மக்குக் கலந்த தொட்டிகளில் மட்டும் தளிர் குழிந்தால் அந்த மக்கைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. புல் இனங்களை இந்தக் களைக்கொல்லிகள் பாதிப்பதில்லை என்பதால் புல்தரையில் மெல்லியதாகப் பரப்பலாம். அங்கே வெட்டும் புல்லை அங்கேயே விட்டுவிடுங்கள், மக்குத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம்.